"அந்த ஏரியா அப்படித்தான்" என்பவர்களுக்கு

சென்னையில் நன்றாகப் படித்தவர்களும், சாதி பார்ப்பதில்லை என்று சொல்லிக்கொள்பவர்களும்கூட வாய் கூசாமல் சொல்லும் வாசகம் ஒன்று உண்டு: "அந்த ஏரியா அப்படித்தான்." எந்த ஏரியா என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. புளியந்தோப்பு, வியாசர்பாடி, கன்னிகாபுரம், பட்டாளம், கொஞ்சம் தள்ளிக் காசிமேடு. கடன் அட்டை விற்பவருக்கு இது 'நெகட்டிவ் ஏரியா'. இரவு பத்து மணிக்கு மேல் ஆட்டோக்காரருக்கு 'அந்தப் பக்கம் வராது சார்'. செய்தி சேனலுக்கு 'ரவுடிகளின் கோட்டை'. சினிமாவுக்கோ அரிவாள் தரையில் உரசும் சத்தம்.

இதைக் கேலி செய்து கடந்துவிடுவது சுலபம். ஆனால் கேலி மறுப்பாகாது. அவர்களுடைய வாதத்தை அவர்களே ஒப்புக்கொள்ளும்படி முதலில் எடுத்து வைக்கிறேன். அது நான்கு கண்ணிகள் கொண்ட சங்கிலி. இங்கே இருப்பவர்கள் பிழைப்பு தேடி வந்து கால்வாய் ஓரத்திலும் புறம்போக்கிலும் குடிசை போட்டவர்கள், ஆகவே ஆக்கிரமிப்பாளர்கள். அடிதடியும் வெட்டுக் குத்தும் தலைமுறை தலைமுறையாக அவர்களிடம் ஊறிப்போனவை. காவல் துறையின் பதிவேடுகளே சாட்சி. அரசு எவ்வளவு கொட்டினாலும் அவர்கள் மாற மாட்டார்கள். கொடுத்த வீட்டையும் வாடகைக்கு விட்டுவிட்டுப் பழைய இடத்துக்கே வந்து நிற்பார்கள். எனவே மொத்தமாக அப்புறப்படுத்தி, புறநகரில் மாடி வீடு கொடுப்பதே அவர்களுக்கும் நல்லது, நகரத்துக்கும் நல்லது.

இதில் உண்மை ஒட்டிக்கொண்டிருக்கும் இடங்கள் உண்டு. கொலைகள் நடந்திருக்கின்றன, பழிக்குப் பழி என்று அடுத்தடுத்து நடந்திருக்கின்றன. கஞ்சாவும் போதை மாத்திரையும் பிள்ளைகளின் கைக்கு எட்டும் தூரத்தில் வந்துவிட்டதை அங்குள்ள தாய்மார்கள்தான் முதலில் சொல்வார்கள். கால்வாய்க் கரையில் வீடுகள் இருந்தன, இருக்கின்றன. ஒதுக்கீட்டு வீட்டை விட்டுவிட்டுத் திரும்பியவர்களும் உண்டு. இவை எதையும் மறுக்க வேண்டிய தேவை எனக்கில்லை. இவற்றை வைத்துக்கொண்டு அவர்கள் போய்ச் சேரும் முடிவு எப்படிச் சரியாகும் என்பதே கேள்வி.

1. நேற்று வந்தவர்கள் யார்?

கணக்கைத் தொடக்கத்திலிருந்து பார்ப்போம். 1708-இல் நவாப் தாவூத் கான் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஐந்து கிராமங்களைக் கொடுத்தார். திருவொற்றியூர், கத்திவாக்கம், சாத்தங்காடு, நுங்கம்பாக்கம், வியாசர்பாடி. ஆம், நுங்கம்பாக்கமும் வியாசர்பாடியும் ஒரே ஆண்டில், ஒரே கொடையில் மதராஸோடு சேர்ந்த ஊர்கள். பெரம்பூர் 1742-இல் வந்தது. தியாகராய நகரோ, மாம்பலத்துப் பெரிய ஏரியின் தண்ணீரை வடித்துவிட்டு 1920-களில் மனை போட்ட இடம். பழைமையை வைத்துத்தான் உரிமை என்றால், பாண்டி பஜாரில் நின்றுகொண்டு வியாசர்பாடிக்காரரைப் பார்த்து "எப்போது வந்தாய்?" என்று கேட்பவர், பதில் சொல்லும் முறை தன்னுடையது என்பதை மறந்துவிடுகிறார்.

ஊர் பழையது, மக்கள் புதியவர்கள் என்று அடுத்து சொல்வார்கள். சரி, மக்கள் வந்தார்கள். யார் கூப்பிட்டு வந்தார்கள்? 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து கிளம்பியது. அதே காலத்தில் பெரம்பூரில் ரயில் பெட்டிப் பட்டறை எழுந்தது. பின்னி கம்பெனி 1870-களில் பக்கிங்ஹாம் மில்லையும் 1880-களில் கர்நாடிக் மில்லையும் ஆரம்பித்தது. கூடவே துறைமுகம், உப்புக் கொட்டாரங்கள், நகரத்துக்கே கறி அறுத்துக் கொடுக்கும் ஆடுதொட்டி. இத்தனைக்கும் கை வேண்டும். கைகளுக்குச் சொந்தக்காரர்கள் படுத்துத் தூங்க இடம் வேண்டும் என்பதை மட்டும் யாரும் திட்டத்தில் சேர்க்கவில்லை. மில் சங்கு ஊதினால் கேட்கும் தூரத்தில், தாழ்ந்த நிலத்தில், ஓட்டேரி நல்லா கால்வாய் ஓரத்தில் அவர்களே குடிசை போட்டுக்கொண்டார்கள். வாடகை கொடுக்கும் அளவுக்குக் கூலி கொடுக்காத முதலாளிக்கு அந்தக் குடிசை ஒரு சலுகை. தொழிலாளியின் வீட்டுச் செலவை அவன் தலையிலேயே கட்டிவிட்டு, நூறாண்டு கழித்து வந்து 'ஆக்கிரமிப்பு' என்று எழுதுவது என்ன நியாயம்?

வந்தவர்கள் ஒரே வார்ப்பும் அல்ல. செங்கல்பட்டு, வட ஆற்காட்டுப் பக்கத்து ஆதிதிராவிடர்கள் வந்தார்கள். நகரத்தின் மலத்தையும் குப்பையையும் அள்ளுவதற்கென்றே வரவழைக்கப்பட்ட தெலுங்கு பேசும் துப்புரவுத் தொழிலாளர்கள் வந்தார்கள். உருதும் தமிழும் பேசும் முஸ்லிம்கள், மில்லில் தறி ஓட்டிய நாயுடுகள், வன்னியர்கள், முதலியார்கள், ரயில்வே வேலைக்காரர்களான பெரம்பூர் ஆங்கிலோ இந்தியர்கள். 1962-இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து கடைகளும் தொழில்களும் தேசியமயமானபோது, கட்டிய துணியோடு கப்பல் ஏறியவர்களில் ஒரு பகுதியினரை அரசே வியாசர்பாடியில் கொண்டுவந்து குடியமர்த்தியது. இன்றைக்கும் மாலையில் அங்கே தள்ளுவண்டியில் அத்தோ கிடைக்கும்: மஞ்சள் நூடுல்ஸைக் கையாலேயே பிசைந்து, பொரித்த வெங்காயமும் புளித்தண்ணீரும் மிளகாய்த்தூளும் சேர்த்து, பக்கத்திலேயே வாழைத்தண்டு சூப் ஊற்றிக் கொடுப்பார்கள். அரசு கப்பலிலிருந்து இறக்கி அழைத்து வந்தவர்களின் பேரப் பிள்ளைகளையும் 'புறம்போக்கில் நுழைந்தவர்கள்' கணக்கில் சேர்ப்பவர்களுக்கு வரலாறு வேண்டாம், வசவு போதும்.

2. தண்ணீரை ஆக்கிரமித்தவர்கள்

கால்வாயை அடைத்ததால்தான் வெள்ளம் என்கிறார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இந்த வாதத்துக்குச் சட்டத்தின் அழுத்தமே வந்துவிட்டது. கூவக் கரையிலும் அடையாற்றுக் கரையிலும் குடிசைகள் பெயர்க்கப்பட்டன. நீர்நிலை ஆக்கிரமிப்பு குற்றம் என்ற கொள்கையோடு எனக்குச் சண்டையே இல்லை. அதை எல்லோருக்கும் பொருத்திப் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

நுங்கம்பாக்கம் ஏரியின் மேல் வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. மாம்பலம் ஏரியின் மேல் தியாகராய நகர். பக்கிங்ஹாம் கால்வாயின் நீர்வழியிலேயே தூண் நட்டுப் பறக்கும் ரயில் ஓடுகிறது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைக் குப்பை மேடும் சாலைகளும் மென்பொருள் நிறுவனங்களும் அடுக்கு மாடிகளும் தின்று, மிஞ்சியது பழைய பரப்பில் சிறு துண்டு. அந்தத் துண்டுக்குத்தான் 2022-இல் ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. இவற்றில் எதற்கும் ஆக்கிரமிப்பு என்ற பெயர் ஒட்டவில்லை. வரைபடத்தில் நிறம் மாற்றி, முத்திரை குத்தி, ஏரியை மனையாக்கினால் வளர்ச்சி. அதே ஏரியின் ஓரத்தில் தார்ப்பாய் கட்டினால் குற்றம். குடிசை ஒன்று மறித்த தண்ணீரின் அளவையும், சதுப்பு நிலத்தின் நடுவே போட்ட சாலை மறித்த தண்ணீரின் அளவையும் ஒரே தராசில் வைக்கத் துணிந்த அதிகாரி யாரையும் நான் பார்த்ததில்லை.

இதில் உச்சம் ஒன்று இருக்கிறது. ஆற்றங்கரையில் இருந்தால் வெள்ளத்தில் மூழ்கிவிடுவீர்கள் என்று பெயர்த்தெடுத்தவர்களை எங்கே கொண்டுபோய் வைத்தார்கள்? செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும். பள்ளிக்கரணைச் சதுப்பின் விளிம்பில். மழைக்காலத்தில் செம்மஞ்சேரி குடியிருப்பின் தரைத்தளத்தில் தண்ணீர் நிற்கும் படம் ஏறக்குறைய ஆண்டுதோறும் நாளிதழில் வருகிறது.

3. வன்முறை ஊறிய மண்ணா?

இந்த மண்ணில் ஊறியது சங்கம். 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது பெரம்பூரில்தான். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைச் சொல்கிறார்கள். பி.பி. வாடியா தலைவர். செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் அடித்தளம் போட்டவர்கள். திரு.வி.க. கூடவே நின்றார்; இன்று சட்டமன்றத் தொகுதிக்கே அவர் பெயர். ஆரம்பக் கோரிக்கைகளில் ஒன்று என்ன தெரியுமா? மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் போதவில்லை, இன்னும் கொஞ்சம் கொடுங்கள். பின்னி கம்பெனி வாடியாமேல் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு நஷ்ட ஈடு கேட்டது. சங்கம் வைப்பதே சதியாகுமா என்று அந்த வழக்கு கிளப்பிய கேள்வி 1926-இன் தொழிற்சங்கச் சட்டம் வரை போனது. இந்தியத் தொழிலாளி எவரும் இன்று பதிவு பெற்ற சங்கத்தில் உறுப்பினராக இருக்க முடிகிறதென்றால், அந்த உரிமைக்குப் புளியந்தோப்பு வட்டாரத்துக் குடிசைவாசியும் பங்களித்திருக்கிறார்.

அப்படியானால் இங்கே எல்லோரும் தோளோடு தோள் நின்ற பொற்காலம் ஒன்று இருந்ததா என்றால், அதுவும் இல்லை. வடசென்னையைக் கொண்டாடி எழுதுபவர்கள் 1921-ஐ வசதியாகத் தாண்டிவிடுவார்கள். அந்த ஆண்டு பின்னி மில்லில் நடந்த நீண்ட வேலை நிறுத்தத்தில் சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் வெளியே நின்றார்கள். ஆதிதிராவிடர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குத் திரும்பினார்கள். கையில் சேமிப்போ ஊரில் நிலமோ இல்லாதவருக்கு, மாதக்கணக்கில் கூலி இல்லாமல் இருப்பது என்பது வேறு கணக்கு. சங்கம் அதைப் புரிந்துகொள்ளவில்லை. கம்பெனி அதைப் பயன்படுத்திக்கொண்டது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. போலீஸ் சுட்டது. ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி. ராஜா அவர்களின் பக்கம் நின்று பேசினார். நீதிக் கட்சிக்குள் அந்த விரிசல் பெரிதானது. இந்தக் கலவரத்தை 'மண்ணின் குணம்' என்று எழுதிவிட்டுப் போனால், மில் நிர்வாகத்துக்கும் சங்கத்தின் சாதிக்கும் அரசின் துப்பாக்கிக்கும் ஒரே வரியில் விடுதலை கிடைத்துவிடும்.

பிறகு வேலை போயிற்று. இதை யாரும் சொல்வதில்லை என்பதால் சற்று நிதானித்துச் சொல்கிறேன். இரண்டு உலகப் போர்களுக்கும் காக்கித் துணி நெய்த பின்னி மில் 1996-இல் மூடப்பட்டது. அப்பன் மில் வேலைக்காரர், அவருக்கு அப்பன் மில் வேலைக்காரர் என்று ஓடிய குடும்பங்களில் மகனுக்குக் கதவு சாத்தியது. துறைமுகத்தில் 1980-களில் கன்டெய்னர் முனையம் வந்தது. மூட்டை சுமந்த தோளுக்கு வேலை குறைந்தது. 2001-இல் எண்ணூர்த் துறைமுகம் வந்தது. நீதிமன்ற உத்தரவால் 2011-இல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் கையாள்வது நின்றது. ராயபுரத்துக் காற்று கொஞ்சம் தெளிந்தது, அது நல்லதுதான். ஆனால் அந்தக் கூலியை நம்பியிருந்தவர்களுக்கு மாற்று என்ன? பழைய மில் வளாகம் சினிமாக்காரர்களுக்குப் படப்பிடிப்புத் தளமாயிற்று. வேலை இருந்த இடத்தில், வேலை இல்லாதவன் அரிவாள் தூக்குவது போலக் காட்சி எடுக்கப்பட்டது. இதைவிடக் கச்சிதமாக ஒரு நகரம் தன்னைத் தானே விளக்கிக்கொள்ள முடியாது.

4. பதிவேடு எதை அளக்கிறது?

"போலீஸ் ரெக்கார்டு பொய் சொல்லுமா?" பதிவேடு பொய் சொல்ல வேண்டியதில்லை. எங்கே தேடுகிறோமோ அங்கேதான் கிடைக்கும். தேர்தல் வந்தாலும், பெரிய தலைவர் ஊருக்கு வந்தாலும், எங்கோ வேறு மூலையில் கொலை நடந்தாலும், முதலில் கதவு தட்டப்படுவது ஹவுசிங் போர்டு பிளாக்குகளில். பதினெட்டு வயதில் அடிதடி வழக்கு ஒன்றில் பெயர் ஏறியவனுக்குச் 'சரித்திரப் பதிவேடு' திறக்கப்படுகிறது. அதன் பிறகு நன்னடத்தைப் பிணை, காவல் நிலையத்தில் கையெழுத்து, விசாரணைக்கு அழைப்பு. கையெழுத்துப் போடப் போகும் நாளில் வேலைக்குப் போக முடியாது. வேலை போனவனுக்கு அடுத்த வழக்கு. அடுத்த வழக்கைக் காட்டி, "பார்த்தீர்களா, திருந்தவே இல்லை" என்று அறிக்கை. விசாரணை இல்லாமல் தடுத்து வைப்பதில் தமிழ்நாடு பல ஆண்டுகள் நாட்டிலேயே முன்வரிசையில் நின்றிருக்கிறது. அதற்குப் பயன்படும் குண்டர் சட்டம் 1982-இல் இயற்றப்பட்டபோது, அதன் தலைப்பிலேயே கள்ளச்சாராயக்காரர், குண்டர் ஆகியோரோடு குடிசைப் பகுதி நிலத்தை வளைத்துப் போடுகிறவரும் இருந்தார். நாம் கேள்விப்படும் குண்டர் சட்டக் கைதிகளில் நிலம் வளைத்தவர் எத்தனை பேர் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் நிதி நிறுவனம் திறந்து, ஓய்வூதியக்காரர்களின் சேமிப்பை வாங்கிச் சுருட்டிக்கொண்டு ஓடியவர்கள் எத்தனை பேர்! கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமும் வைத்த அலுவலகங்கள். மயிலாப்பூரிலும் உண்டு, தி. நகரிலும் உண்டு, அண்ணா நகரிலும் உண்டு. அதற்காக அந்தத் தெருக்களை 'மோசடி மண்' என்று எவரும் எழுதவில்லை. எழுதக் கூடாது என்பதே சரி. செய்தவனைப் பிடி, தெருவை விட்டுவிடு. அந்த நியாயம் பாலம் தாண்டி வடசென்னைக்குள் வந்தால் ஏன் செல்லாமல் போகிறது?

விளைவைப் பாருங்கள். பொறியியல் படித்த பையன் நேர்முகத்துக்குப் போகும்போது வியாசர்பாடி என்று எழுதாமல் பெரம்பூர் என்று எழுதுகிறான். பெண் பார்க்க வருகிறவர்கள் முகவரி கேட்டதும் ஜாதகம் பொருந்தவில்லை என்கிறார்கள். ஒரு முகவரிக்காக இத்தனை கதவுகளைச் சாத்திவிட்டு, உள்ளே மிஞ்சியவர்கள் எந்தக் கதவைத் தட்டினார்கள் என்று ஆச்சரியப்படுவது பாசாங்கு.

5. "எவ்வளவு கொடுத்தாலும்"

எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்போம். புளியந்தோப்பு கே.பி. பூங்காவில் பல மாடிகளில் புதுக் குடியிருப்பு கட்டினார்கள். குடிவந்த சூட்டோடு, 2021 ஆகஸ்டில், அங்கிருந்தவர்கள் சுவரில் விரலை வைத்துத் தேய்த்துக் காட்டினார்கள். பூச்சு மாவாக உதிர்ந்தது. தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. ஐ.ஐ.டி. வல்லுநர்களைக் கொண்டு ஆய்வு செய்ய வேண்டி வந்தது. இதே வீட்டின் சுவரைக் குடியிருப்பவர் உடைத்திருந்தால், "கொடுத்ததைப் பாதுகாக்கத் தெரியாத ஜனங்கள்" என்று தீர்ப்பு அன்றைக்கே வந்திருக்கும்.

வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையைச் சென்னைக்காரர்கள் எல்லோருக்கும் பெயராவது தெரியும். பெருமழை பெய்தால் 'போக்குவரத்து நிறுத்தம்' பட்டியலில் அதுதான் முதலில் வரும். பத்தாண்டு அல்ல, தலைமுறையாக வருகிறது. நகரத்தின் வடபாதி குப்பை கொடுங்கையூரில் கொட்டப்படுகிறது. அந்தப் புகையை மூச்சில் இழுப்பது வியாசர்பாடி. மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, எண்ணூரில் அனல் மின் நிலையங்கள். 2023 டிசம்பர் மாதம் ஒன்றில் மட்டும், புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது. மாதக் கடைசியில் பெரியகுப்பம் அருகே உரத் தொழிற்சாலைக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, நள்ளிரவில் மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தென்சென்னை விளக்கைப் போடும்போது வடசென்னை இருமுகிறது. இந்தக் கணக்கில் யார் யாருக்கு மானியம் கொடுக்கிறார்கள்?

பழைய ஹவுசிங் போர்டு பிளாக் ஒன்றின் படிக்கட்டில் நின்று பார்த்திருக்கிறீர்களா? 1970-களில் கட்டியது, ஒரு வீடு என்பது ஒரு அறை, சமையலுக்கு ஒரு மூலை. அறை போதாமல் படிக்கட்டுத் திருப்பம் கூடமாகிவிட்டது. அங்கே ஒரு குண்டு பல்பு, அதன் கீழே கேரம் பலகை, பலகையில் போரிக் பவுடர். கீழே அடி பம்புக்கு முன்னால் நீலமும் ஆரஞ்சும் பச்சையுமாகக் குடங்கள் வரிசை. யாருடைய குடம் எது என்று கைப்பிடியில் கட்டிய துணி நிறம் சொல்லும். இரண்டு தலைமுறை இங்கே ஒரு அறைக்குள் வளர்ந்து, பள்ளிக்குப் போய், அரசுக் கல்லூரிக்குப் போய், வேலைக்கும் போயிருக்கிறது. பாடகர் கானா பாலா புளியந்தோப்புக்காரர், சட்டம் படித்தவர்.

6. திரும்பி வருவது ஏன்?

வீடு கொடுத்தும் திரும்பி வருகிறார்கள் என்றால், வீட்டோடு எதைக் கொடுக்கவில்லை என்று பார்க்க வேண்டும். 2000-த்தில் தொடங்கிய கண்ணகி நகரில் பதினைந்தாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள். பிறகு செம்மஞ்சேரி. பிறகு பெரும்பாக்கத்தில் இருபதாயிரத்துக்கும் மேல். ஒரே வருமானம், ஒரே இழப்பு உள்ள குடும்பங்களைப் பல்லாயிரக்கணக்கில் ஒரே இடத்தில் குவித்தார்கள். வேலை பழைய இடத்தில், பள்ளி பழைய இடத்தில், ரேஷன் கார்டு பழைய இடத்தில். சென்ட்ரல் அருகே இருந்த சத்தியவாணி முத்து நகரைப் பெயர்த்தது 2019 டிசம்பரில், கல்வியாண்டின் நட்டநடுவில். தேர்வுக்குச் சில மாதமே இருக்கும் பிள்ளையை நகரத்தின் மறுகோடிக்கு அனுப்பும் முடிவைப் படித்தவர்கள்தான் எடுத்தார்கள்.

வீட்டு வேலை செய்யும் பெண்ணின் கணக்கு எளிமையானது. காலை ஆறரைக்கு ஒரு வீடு, எட்டுக்கு அடுத்தது, பத்துக்கு இன்னொன்று. நடந்து போகும் தூரத்தில் இருந்தால்தான் மூன்று வீட்டுச் சம்பளம். பெரும்பாக்கத்திலிருந்து கிளம்பினால் ஒரு வீட்டைப் பிடிக்கவே பொழுது போய்விடும். கோயம்பேட்டுக்கும் காசிமேட்டுக்கும் விடியுமுன் போக வேண்டிய வியாபாரிக்கு அந்த நேரத்தில் பேருந்து எது? திரும்பி வந்தது நன்றிகெட்டதனம் என்பவர், தன் அலுவலகத்தை நாளைக்கே முப்பது கிலோமீட்டர் தள்ளிவைத்துப் பார்க்கட்டும்.

கண்ணகி நகரே இந்த வாதத்துக்குக் கடைசி ஆணி. கால் நூற்றாண்டு வயதுள்ள அந்த இடத்துக்கும் இன்று "அந்த ஏரியா அப்படித்தான்" என்ற பெயர் வந்துவிட்டது. மண்ணின் குணம் என்றால் புது மண்ணுக்கு எப்படி ஒட்டியது? மக்களின் குணம் என்றால், அது மாறுவதற்குத்தானே இடம் மாற்றினீர்கள்? இரண்டில் எதைச் சொன்னாலும் இடமாற்றத்துக்கு நியாயம் மிஞ்சவில்லை.

இந்த இடத்தில் என் பக்கத்து நண்பர்களோடும் ஒரு வழக்கு உண்டு. இந்தப் பகுதிகளுக்காகப் பேச வந்தவுடன் பதக்கப் பட்டியலை எடுத்து நீட்டுவது நம் வழக்கமாகிவிட்டது. 2024-இல் அமெரிக்காவில் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகர் ஆட்டோ ஓட்டுநரின் மகள். 2025-இல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற கபடி அணியில் கண்ணகி நகர் கார்த்திகா. வியாசர்பாடியைக் 'குட்டி பிரேசில்' என்று எழுதாத பத்திரிகை இல்லை. பெருமைதான், யார் இல்லை என்றார்கள். ஆனால் தங்கம் வென்றால்தான் மனிதராக மதிப்போம் என்று மறுதரப்பு வைத்த விதியை நாமும் ஏற்றுக்கொண்டதாகிவிடக் கூடாது. அண்ணா நகரில் குடிநீர் இணைப்பு கேட்டு விண்ணப்பிப்பவரிடம் உங்கள் தெருவில் எத்தனை பதக்கம் என்று யாரும் கேட்பதில்லை. எதுவும் வெல்லாத, எந்த வழக்கிலும் இல்லாத, காலையில் வேலைக்குப் போய் மாலையில் வீடு திரும்புகிற லட்சக்கணக்கானவர்களுக்குத்தான் இந்த வாதம். 2011 கணக்கெடுப்பின்படி அன்றைய சென்னை மாநகராட்சி எல்லைக்குள் குடிசைப் பகுதிகளில் வாழ்ந்தவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். நான்கில் ஒருவருக்கும் அதிகம். இத்தனை பேரைக் குணக்கேடு என்ற ஒற்றைச் சொல்லில் விளக்க முயல்வது ஆய்வும் அல்ல, அனுபவமும் அல்ல.

இந்தக் கருத்தால் லாபம் யாருக்கு என்று கேட்காமல் முடிக்க முடியாது. சென்ட்ரலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் நிலம் இது. மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டப் பாதை பெரம்பூர், ஓட்டேரி, பட்டாளம் வழியாக வருகிறது. ரயில் வந்தால் சதுர அடி விலை ஏறும். விலை ஏறும் நிலத்தில் இருப்பவர்கள் கெட்டவர்கள் என்று ஊர் முழுக்க முன்கூட்டியே நம்பிவிட்டால், அவர்களை எழுப்பும் நாளில் கேள்வி எழாது. ஆட்டோவிலும் அலுவலகத்திலும் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகும் அந்த வாசகத்துக்கு அங்கேதான் விலை.

தமிழ்நாட்டில் 1971-இல் குடிசைப் பகுதி மேம்பாட்டுக்கென்று ஒரு சட்டம் போட்டார்கள். பகுதியை முறையாக அறிவிக்க வேண்டும், வசதிகளை மேம்படுத்த வேண்டும், அங்கே இருப்பவர்களை நினைத்தபோது வெளியேற்ற முடியாது என்பது அதன் சாரம். குடிசை இருந்த இடத்திலேயே மாடிக் குடியிருப்பு என்பதே குடிசை மாற்று வாரியத்தின் தொடக்கக் கால நடைமுறை. சென்னையில் 1971-இல் 1,202 பகுதிகளை அறிவித்தார்கள். 1985-இல் இன்னும் 17. அதன் பிறகு பல பத்தாண்டுகள் பட்டியல் வளரவே இல்லை. வாரியத்தின் பெயர் 2021-இல் மாறியது. பட்டியல் அப்படியே கிடக்கிறது. மெட்ரோ நிலையங்கள் திறப்பதற்கு முன், ஓட்டேரியிலும் பட்டாளத்திலும் புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் விடுபட்ட ஒவ்வொரு பகுதியையும் அரசு அந்தச் சட்டத்தின்கீழ் அறிவிக்க வேண்டும். வீடு கட்டுவதென்றால் அங்கேயே கட்ட வேண்டும்.